நலம் கேட்போம்: ஆண்களின் இடுப்புத் தளத் தசைகள் பற்றிய கேள்விகளும் பதில்களும்

முதுகுவலி குறித்துச் சென்ற இதழில் எழுதிய பதில் ஒன்றில், ஆண்களுக்கும் இடுப்புத் தளத் தசைகள் உண்டு, அவற்றுக்கும் பயிற்சி உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். முதுகுவலியைப் பற்றி ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் ஒரு கோப்பு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை, மும்பையிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள மாட்டுங்கா, தாராவி, முலுண்ட், ஐரோலி, டோம்பிவிலி என்று ஊர் மட்டும் இருந்தது. ஆகவே இந்த இதழில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளாமல் இதற்கே பதில் எழுதுகிறேன்.

எல்லாக் கடிதங்களுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே கையில் தட்டுப்படும் இடுப்பெலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல் சில தசைகள் விரிந்து கிடக்கின்றன. சிறுநீர்ப்பையும் மலக்குடலும் அந்தத் தூளியின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. சிறுநீர்ப் பாதையும் ஆசனவாயும் அதனூடாகவே வெளியே வருகின்றன. தேவையானபோது இறுகுவதும், தேவையானபோது தளர்வதும் இந்தத் தசைகளின் வேலை. வந்த கடிதங்களில் ஏறக்குறைய எல்லாரும் இறுக்குவதைப் பற்றி மட்டுமே கேட்டிருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு நான் சொல்லப் போவது அதற்கு நேர்மாறானது.

*

கேள்வி: எனக்கு வயது 67. பணி ஓய்வு பெற்று மகனுடன் மாட்டுங்காவில் வசிக்கிறேன். புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுவதுமாக அகற்றி ஏழு வாரங்கள் ஆகின்றன. சிறுநீரை வெளியேற்றச் செருகியிருந்த கதீட்டர் குழாயை எடுத்த நாள் முதல் சிறுநீர் கசிகிறது. படுத்திருக்கும்போது ஒன்றுமில்லை, நாற்காலியை விட்டு எழுந்தாலும், இருமினாலும், படியேறினாலும் நனைந்துவிடுகிறது. மாலையில் இன்னும் அதிகம். ஒரு நாளைக்கு நான்கு பேடுகள் ஆகின்றன. மருத்துவமனையில் இடுப்புத் தளத் தசைகளை இறுக்கி விடும் கீகல் பயிற்சி என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். நாள்தோறும் 200 முறை எண்ணிச் செய்தும் பலனில்லை. நாற்றம் வருமோ என்று அஞ்சிச் சண்முகானந்தா அரங்கின் கச்சேரிகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். இப்படியே இருந்துவிடுமா?

பதில்: இப்படியே இருந்துவிட வாய்ப்புக் குறைவு. ஏழு வாரம் என்பது இந்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் மிகச் சிறிய காலம். பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் கசிவு கணிசமாகக் குறைகிறது. அதன் பின்னும் ஓராண்டு வரை முன்னேற்றம் தொடர்வதைப் பார்க்கிறோம். படுத்திருக்கும்போது நனையவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல அறிகுறி.

கசிவு ஏன் வருகிறது என்பது புரிந்தால் பயிற்சியும் புரியும். சிறுநீர்ப்பையின் வாயிலேயே ஒரு பூட்டு இருக்கிறது. நம் விருப்பத்தைக் கேட்காமல் தானாக மூடித் தானாகத் திறக்கும் தசை அது. புராஸ்டேட் அதற்குச் சற்றுக் கீழே சிறுநீர்ப் பாதையைச் சுற்றி அமர்ந்திருப்பதால், சுரப்பியை எடுக்கும்போது அந்தப் பூட்டின் வேலையும் பெருமளவு போய்விடுகிறது. எஞ்சுவது சுரப்பிக்குக் கீழே உள்ள இரண்டாவது பூட்டு. நாம் நினைத்தால் இறுகும் தசை அது. இதுவரை பெரும்பாலும் அவசரத்துக்குத்தான் பயன்பட்டு வந்தது. அறுபது ஆண்டுகளாக இருவர் பார்த்த காவலை இனி அது ஒன்றே பார்க்க வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து எழும்போதும் இருமும்போதும் வயிற்றின் அழுத்தம் திடீரென ஏறுவதால் அப்போது தோற்கிறது. மாலையில் களைத்துப் போவதால் மேலும் தோற்கிறது.

இப்போது உங்களுடைய 200-ஐ எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே களைத்திருக்கும் தசையை நீங்கள் இன்னும் களைப்பாக்குகிறீர்கள். அதைவிடப் பெரிய ஐயம், அந்த 200-ல் எத்தனை முறை சரியான தசை இறுகியது என்பதுதான். என்னிடம் வருகிறவர்களில் பலர் பயிற்சி என்று நினைத்துப் பிட்டத்தை இறுக்குகிறார்கள், மூச்சை அடக்குகிறார்கள், வயிற்றை எக்குகிறார்கள். வயிற்றை எக்கி மூச்சை அடக்கினால் சிறுநீர்ப்பையின் மேல் அழுத்தம் கூடி, கசிவை நாமே வரவழைத்ததாகிவிடும். இன்னொரு தவறும் உண்டு. 'வாயு பிரியாமல் அடக்குவதுபோல் இறுக்குங்கள்' என்று பல தாள்களில் அச்சிட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் முதன்மையாக வேலை செய்வது ஆசனவாயைச் சுற்றிய பின்பக்கத் தசை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்களுக்கு அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். 'சிறுநீரை நிறுத்துவதுபோல்', 'ஆண்குறியை உள்ளே இழுத்துக் குறுக்குவதுபோல்' என்று சொன்னபோதுதான் சிறுநீர்ப் பாதையைச் சுற்றிய முன்பக்கத் தசை நன்றாக அசைந்தது. உங்களுக்கு வேண்டியது இந்த முன்பக்கத் தசைதான்.

குளியலறையில் கண்ணாடி முன் உடையின்றி நின்று பாருங்கள். பிட்டமும் தொடையும் தளர்வாக இருக்கட்டும். மூச்சு இயல்பாக ஓடட்டும். ஆண்குறியை மெல்ல உள்ளிழுப்பதாக எண்ணிக்கொண்டால், அதன் அடிப்பகுதி சற்று உள்ளே போவதையும் விதைப்பை இலேசாக மேலேறுவதையும் காண்பீர்கள். பார்வைக்கு மிகச் சிறிய அசைவுதான். அது தெரிந்துவிட்டால் தசை பிடிபட்டது என்று பொருள். தெரியாவிட்டால் எண்ணிக்கையைத் தொடங்கவே வேண்டாம்; நேரில் ஒருவரிடம் காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிடிபட்ட பின், மூன்று முதல் ஐந்து விநாடி பிடித்து, அதைப்போல் இரு மடங்கு நேரம் முழுவதுமாக விட்டுவிடுங்கள். இப்படிப் பத்து முறை செய்தால் ஒரு சுற்று; காலை, நண்பகல், மாலை என்று நாளைக்கு மூன்று சுற்றுகள் போதும். முதலில் படுத்தும் பிறகு உட்கார்ந்தும் பழகி, இரண்டு மூன்று வாரத்தில் நின்றுகொண்டு செய்யும் நிலைக்கு வந்துவிட வேண்டும். உங்களுக்குக் கசிவது நிற்கும்போதுதானே தவிரப் படுக்கும்போது அல்லவே. பிடிக்கும் நேரத்தைப் படிப்படியாகப் பத்து விநாடிக்கு உயர்த்தலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடும் ஐந்தாறு வேகமான இறுக்கங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தும்மலுக்கு உதவுவது அந்த வேகம்தான்.

இத்தனைக்கும் மேலாக நான் மதிப்பது ஒன்றுண்டு. எழுந்து நிற்பதற்கு ஒரு கணம் முன்பும், இருமலுக்கு ஒரு கணம் முன்பும், காய்கறிப் பையைத் தூக்குவதற்கு முன்பும் அந்தத் தசையை இறுக்கிவிட்டுப் பிறகு செயலைத் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், பிறகு பழக்கமாகிவிடும். தாதர் நிலைய மேம்பாலத்தில் படியேறும் ஒவ்வொரு முறையும் முதல் படியில் கால் வைக்குமுன் இதைச் செய்து பார்த்தவர்கள், தாளிலுள்ள எந்தப் பயிற்சியையும்விட இதையே அதிகம் பாராட்டியிருக்கிறார்கள்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதை அன்றாடப் பயிற்சியாக்க வேண்டாம். தசை பிடிபட்டதா என்று அறிய ஒரே ஒரு முறை பார்க்கலாம், அவ்வளவுதான். கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைக்காதீர்கள். அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டி அடிக்கடி போகத் தூண்டும், மலச்சிக்கலையும் கொண்டுவரும். குறைக்க வேண்டியது காபியையும் தேநீரையும்தான். மாட்டுங்காவில் வாழ்கிறவரிடம் ஃபில்டர் காபியைக் குறைக்கச் சொல்வது சற்றுக் கொடுமை என்று எனக்கும் தெரியும். நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அரை மணிக்கொரு முறை கழிப்பறைக்குப் போவதும் வேண்டாம், சிறுநீர்ப்பை குறைந்த அளவுக்கே பழகிவிடும்.

முன்னேற்றத்தைப் பேடுகளின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். சிலர் பாதி நனைந்ததுமே மாற்றிவிடுவார்கள். சமையலறைத் தராசில் உலர்ந்த பேடின் எடையைக் குறித்துக்கொண்டு, 24 மணி நேரத்தில் நனைந்தவற்றின் எடையிலிருந்து கழித்தால், கசிந்த அளவு கிடைத்துவிடும். ஒரு கிராம் என்பது ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் இப்படி அளந்தால் போதும். எண்ணிக்கை மாறாவிட்டாலும் எடை குறைந்து வருவதைக் கண்டு மனம் தெளிந்தவர்கள் பலர்.

ஆய்வுகள் இந்தப் பயிற்சியைப் பற்றி ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் 102 ஆண்களிடம் நடந்து 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மூன்று மாத முடிவில் பயிற்சி பெற்றவர்களில் 88 விழுக்காட்டினருக்குக் கசிவு நின்றிருந்தது, பெறாதவர்களில் 56 விழுக்காட்டினருக்குத்தான் நின்றிருந்தது. பிரிட்டனில் நடந்து 2011-இல் வெளியான பெரிய ஆய்வோ, ஓராண்டு முடிவில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை என்றது. இரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொண்டிருப்பது, பயிற்சி பலரை விரைவில் கரை சேர்க்கிறது என்பதே. காலமும் தன் பங்கைச் செய்கிறது. ஓராண்டுக்குப் பின்னும் கசிவு அதிகமாக இருந்தால், சிறுநீர்ப் பாதையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டையைப் பொருத்துவது, செயற்கைப் பூட்டைப் பொருத்துவது ஆகிய அறுவை முறைகள் உண்டு. அந்தச் செயற்கைப் பூட்டின் விசை விதைப்பைக்குள் இருக்கும். அதை அழுத்தித் திறந்து சிறுநீர் கழித்த பின் சில நிமிடங்களில் அது தானாக மூடிக்கொள்ளும்.

கச்சேரிக்கு இப்போதே போகலாம். ஓரத்து இருக்கையாகப் பார்த்து வாங்குங்கள், அடர்நிறக் கால்சட்டை அணியுங்கள், பையில் ஒரு மாற்றுப் பேடும் அதைச் சுற்றி வைக்க ஒரு உறையும் இருக்கட்டும். புதிய சிறுநீருக்கு நாற்றம் அதிகமில்லை. பேடை நெடுநேரம் மாற்றாமல் விடுவதால்தான் அது வருகிறது.

*

கேள்வி: வயது 33. ஐரோலியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரவுப் பணி. எட்டு மாதமாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் ஒரு பந்தின் மேல் உட்கார்ந்திருப்பது போன்ற வலி. விந்து வெளியேறிய பின் வலி கூடுகிறது. சிறுநீர் உடனே வருவதில்லை. வந்தாலும் முழுவதும் போன நிறைவு இல்லை. புராஸ்டேட்டில் நோய்த்தொற்று என்று நான்கு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று சோதனை செய்தபோது ஒவ்வொரு முறையும் கிருமி இல்லை என்றே வந்தது. இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்துக் கீகல் பயிற்சியைத் தொடங்கினேன், வலி இரட்டிப்பாகிவிட்டது. இது புற்றுநோயாக இருக்குமா?

பதில்: தம்பி, முதலில் அந்தப் பயிற்சியை இன்றோடு நிறுத்துங்கள்.

நீங்கள் விவரிப்பது, மருத்துவர்கள் நாட்பட்ட இடுப்புக்குழி வலி என்று பெயரிட்டு வைத்திருக்கும் நிலையோடு பொருந்துகிறது. கடந்த ஆறு மாதத்தில் மூன்று மாதமாவது இத்தகைய வலி இருந்து, சோதனையில் கிருமி எதுவும் அகப்படாவிட்டால் இந்தப் பெயரைச் சொல்வார்கள். நாட்பட்ட புராஸ்டேட் அழற்சி என்ற பெயரோடு வருகிறவர்களில் கிருமியால் வருவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்த வலியைப் புற்றுநோயாக மாறும் நோய் என்று அஞ்ச வேண்டாம். ஆனால் நான் கடிதத்தைப் படித்துச் சொல்கிறேன், உங்கள் யூராலஜிஸ்ட் (சிறுநீரியல் மருத்துவர்) உடலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிறுநீரில் இரத்தம் வந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, விதையில் கட்டி தட்டுப்பட்டாலோ அடுத்த வேளைவரை காத்திருக்காதீர்கள். தொடையிடுக்கும் ஆசனவாய்ச் சுற்றுப்புறமும் திடீரென மரத்துப்போய், சிறுநீரும் இறங்காமல் நின்றுவிட்டால் அது முதுகுத்தண்டின் நரம்பு நசுங்கிய அவசரநிலை. நேரே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

இந்த வலியுள்ள பலருக்கு இடுப்புத் தளத் தசையில் பலம் குறைந்திருப்பதில்லை. அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கை முட்டியை எட்டு மாதம் மூடியே வைத்திருந்தால் வலிக்கும். வலிக்கிற முட்டியை இன்னும் இறுக்கு என்றால் என்னவாகும்? காணொளி உங்களுக்குச் செய்தது அதுதான். சிறுநீர் தயங்கித் தயங்கி வருவதற்கும் அதே இறுக்கம் காரணமாகலாம். கதவு முழுவதும் திறக்கவில்லை. இரவுப் பணி, பத்து மணி நேர நாற்காலி, அதற்குப் பின் மோட்டார் சைக்கிள், இவற்றோடு 'இது என்ன நோயோ' என்ற அச்சம் எல்லாம் சேர்ந்து தசையை மேலும் முறுக்குகின்றன. மனக்கவலை வந்தால் சிலருக்குத் தோள் இறுகும், சிலருக்குத் தாடை இறுகும்; உங்களுக்கு இங்கே இறுகுகிறது. இதைச் சொன்னவுடன் 'அப்படியானால் வலி என் கற்பனையா' என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, தசை இறுகியிருப்பதை விரலால் தொட்டு உணர முடியும்.

நீங்கள் கற்க வேண்டியது விடுவதை. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் கீழிறங்குகிறது. அதோடு சேர்ந்து இடுப்புத் தளமும் சற்றே கீழிறங்கித் தளர்கிறது. மூச்சை விடும்போது இரண்டும் மேலே எழுகின்றன. மேல்நெஞ்சால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு நாள் முழுதும் வயிற்றை எக்கி வைத்திருக்கிறவர்களுக்கு இந்த அசைவே நின்றுபோகிறது. தரையில் படுத்து, கால்களை நாற்காலியின் மேல் தூக்கி வைத்து, ஒரு கையை அடிவயிற்றில் வையுங்கள். மூக்கால் மெல்ல இழுக்கும்போது கை எழட்டும்; அந்த நேரத்தில் உட்காரும் எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகுவதாகவும், சிறுநீர் கழிக்கத் தொடங்கும் கணத்தில் உள்ளே ஏதோ அவிழுமே, அதுபோல் அவிழ்வதாகவும் எண்ணுங்கள். முக்கக் கூடாது, முக்குவது வேறு, அவிழ்வது வேறு. ஒரு முறைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று முறை. இதோடு முழங்காலிட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கும் பாலாசனத்தையும், சுவரில் முதுகைச் சாய்த்துக் குந்தி உட்காருவதையும் ஒவ்வொரு நிமிடம் சேர்க்கலாம். குந்தும்போது வலித்தால் குதிகாலின் கீழ் தடித்த புத்தகம் ஒன்றை வையுங்கள்.

மேற்கத்திய வகைக் கழிப்பறையானால் காலடியில் ஒரு சிறு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். மலக்குடலைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்திருக்கும் தசை, குந்தி உட்காரும்போதுதான் நன்றாகத் தளர்ந்து பாதையை நேராக்குகிறது; ஊரில் தாத்தாக்களுக்கு இந்த முக்காலி தேவைப்படவில்லை. அரை மணிக்கொரு முறை நாற்காலியை விட்டு எழுங்கள். மோட்டார் சைக்கிளைச் சில வாரம் விட்டுவிட முடியுமானால் நல்லது.

இவ்வளவும் செய்தும் ஆறு வாரத்தில் மாற்றமில்லையென்றால், இத்துறையில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரிடம் போக வேண்டும். இறுகிய முடிச்சுகளை வெளியிலிருந்தும், உங்கள் சம்மதத்தோடு ஆசனவாய் வழியாகக் கையுறை அணிந்த ஒரு விரலால் உள்ளிருந்தும் அவர்கள் மெல்ல அழுத்தித் தளர்த்துவார்கள். கேட்கும்போது திகிலாக இருக்கும். அதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் அதை விட்டு மற்றவற்றைச் செய்யலாம். எந்தக் கட்டத்திலும் போதும் என்று சொல்லும் உரிமை உங்களுடையது. வலி நேர்க்கோட்டில் குறையாது. நன்றாக இருந்த இரண்டு வாரத்துக்குப் பின் ஒரு கெட்ட நாள் வரும். அதைக் கண்டு எல்லாம் வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஐந்தாவது முறை ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டால், எந்தச் சோதனை முடிவை வைத்து என்று பணிவாகக் கேளுங்கள்.

*

கேள்வி: தாராவியில் தையல் கடை வைத்திருக்கிறேன், வயது 48. சிறுநீர் கழித்து, உதறி, நாலடி நடந்த பின் சில சொட்டுகள் உள்ளாடையில் இறங்குகின்றன. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்த பின் இப்படி ஆவதால் மனம் குழம்புகிறது. ஐந்து வேளையும் இதே கவலை. இது கிட்னியில் கோளாறா?

பதில்: இல்லை, அண்ணே. ஆண்களின் சிறுநீர்ப் பாதை நேரான குழாய் அல்ல, விதைப்பைக்குப் பின்னால் ஒரு வளைவு உண்டு. கழித்து முடிந்ததும் அந்த வளைவில் தங்கும் சிறிதளவு சிறுநீரைப் பிழிந்து வெளியேற்றும் தசை ஒன்று அங்கேயே இருக்கிறது. வயது ஏற ஏற அது சோம்பிவிடுவதால் தங்கியது நடக்கும்போது இறங்குகிறது. எத்தனை முறை உதறினாலும் வளைவிலிருப்பது வராது.

முடிந்ததும் சில விநாடி பொறுத்து, விதைப்பைக்குப் பின்னால் மூன்று விரல் நுனிகளை வைத்து மேல்நோக்கி அழுத்தி, அப்படியே முன்பக்கமாக ஆண்குறியின் அடிவரை வழித்துக்கொண்டு வாருங்கள். தங்கியது முன்னால் வந்துவிடும், பிறகு உதறுங்கள். இரண்டு முறை செய்தால் போதும். அதோடு கழித்து முடித்தவுடன் இடுப்புத் தளத்தை ஐந்தாறு முறை பலமாக இறுக்கி விடுங்கள். மேலே மாட்டுங்காப் பெரியவருக்கு எழுதியிருக்கும் பயிற்சியையும் மூன்று மாதம் செய்யுங்கள். நின்று கழிப்பதைவிட உட்கார்ந்து கழிப்பது உங்களுக்கு வசதி. மார்க்கச் சட்டத்தைப் பற்றி உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அது என் துறையல்ல.

சிறுநீர்த் தாரை மெலிந்துவிட்டாலோ, இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருந்தாலோ மட்டும் புராஸ்டேட் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: என் கணவருக்கு வயது 58. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு ஆண்டுகளாக விறைப்புத் தன்மை குறைந்துவிட்டதை அவர் யாரிடமும் சொல்ல மறுக்கிறார். இந்தத் தசைப் பயிற்சி உதவுமா? அவருக்குத் தெரியாமல் முலுண்டிலிருந்து எழுதுகிறேன்.

பதில்: சகோதரி, உதவக்கூடும். ஆண்குறியின் அடியில் இருபுறமும் ஒட்டியிருக்கும் தசைகள் இறுகி இரத்தத்தைத் திரும்பிப் போகவிடாமல் தடுப்பதும் விறைப்பு நிலைக்க ஒரு காரணம். அந்தத் தசைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பிரிட்டனில் 55 ஆண்களை வைத்து நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்தில் 40 விழுக்காட்டினர் இயல்பு நிலைக்குத் திரும்பினார்கள், ஏறக்குறைய 35 விழுக்காட்டினருக்கு ஓரளவு முன்னேற்றம் இருந்தது, எஞ்சிய கால்வாசிப் பேருக்குப் பலனில்லை.

ஆனால் உங்கள் கணவரிடம் பயிற்சியிலிருந்து தொடங்க மாட்டேன். நீண்ட காலச் சர்க்கரை நோய் நரம்பையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் பழுதாக்குகிறது. இங்கே உள்ள குழாய்கள் இதயக் குழாய்களைவிட மெல்லியவை என்பதால், அடைப்பு முதலில் இங்கே தெரிந்து சில ஆண்டு கழித்து நெஞ்சில் தெரியலாம். எனவே சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம் ஆகியவற்றை முதலில் பார்க்கட்டும். 'உங்கள் குறையைச் சொல்ல வாருங்கள்' என்றால் வர மாட்டார். 'இதயத்தைப் பரிசோதிக்கப் போகலாம்' என்றால் வருவார், அதுவும் பொய்யில்லை. மருத்துவரைக் கேட்காமல் மெடிக்கல் கடையில் விறைப்புக்கான மாத்திரை வாங்கிப் போட மட்டும் விட்டுவிடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைப் பயன்படுத்துகிறவர் இந்த விறைப்பு மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும்.

*

கேள்வி: பல ஆண்டுகளாக மூலபந்தம் என்ற யோகப் பயிற்சியைச் செய்து வருகிறேன். அதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டா? (டோம்பிவிலி)

பதில்: உறவு உண்டு. பலர் மூலபந்தம் என்று செய்வது ஆசனவாயை இறுக்கி மூச்சைக் கட்டுவதை. கசிவுக்கு வேண்டியது முன்பக்கத்தை இறுக்கி மூச்சை ஓடவிடுவது. முறையாகக் கற்றவர்களுக்குத் தசையை இனம்கண்டுகொள்ளும் திறன் ஏற்கெனவே வந்திருப்பதால், முன்பக்கத்துக்கு மாற்றிக்கொள்வது எளிது. இடுப்புக்குழி வலியுள்ளவர்கள் இதையும் நிறுத்தி வைக்க வேண்டும்.

*

கேள்வி: ஐயா, எனக்கு வயது 52. யூராலஜிஸ்ட் பரிந்துரைத்த இயன்முறை மருத்துவர் ஒரு பெண் என்று தெரிந்ததும் பாதி வழியில் திரும்பிவிட்டேன். ஆண் யாரும் இல்லையா? இது பெண்களுக்கான சிகிச்சைதானே? (செம்பூர்)

பதில்: 'ஐயா' என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை இதழ்களாக நீங்கள் படித்து வரும் பதில்களை எழுதுவது ஒரு பெண்தான்.

இது பெண்களுக்கானது என்ற எண்ணத்துக்குக் காரணம் உண்டு. பயிற்சிக்குத் தம் பெயரைத் தந்த ஆர்னால்ட் கீகல் ஓர் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். பிள்ளைப்பேற்றுக்குப் பின் சிறுநீர் கசியும் தாய்மார்களுக்காகத்தான் 1948-இல் இதைப் பற்றி எழுதினார். ஆண்களிடம் இது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. இந்தத் துறையைக் கற்றவர்களில் பெண்களே அதிகமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். ஆண் சிகிச்சையாளர்தான் வேண்டும் என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை, தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். உங்களோடு மனைவியோ நண்பரோ அறையில் இருக்கவும் கேட்கலாம்.

முதல் சந்திப்பில் பெரும்பகுதி பேச்சுத்தான். எப்போது தொடங்கியது, என்ன மருந்துகள், இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், மலச்சிக்கல் உண்டா, கனமான பொருள்களைத் தூக்கும் வேலையா என்று கேட்பார்கள். பிறகு மூச்சு விடும் முறையையும் வயிற்றையும் இடுப்பையும் பார்ப்பார்கள். அடிவயிற்றில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, நீங்கள் இறுக்கும்போது திரையில் என்ன அசைகிறது என்று உங்களுக்கே காட்டும் வசதி சில இடங்களில் இருக்கிறது. அதற்குச் சட்டையைச் சற்றுத் தூக்கினால் போதும். உட்பரிசோதனை எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை, அனுமதி கேட்காமல் யாரும் செய்யவும் கூடாது. எதையும் பார்க்காமல் 'நாளைக்கு நூறு முறை இறுக்குங்கள்' என்று சொல்லி அனுப்புகிறவரிடம் இரண்டாவது முறை போக வேண்டாம்.

போவதற்கு முன் மூன்று நாள் ஒரு குறிப்பு எழுதி எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் போயிற்று, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பவை அதில் இருக்கட்டும். அளக்க ஒரு பழைய பிளாஸ்டிக் அளவுக் குவளை போதும். லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது என்பதால் வேலை நாளில் அடக்கி வைக்கும் நேரம் வேறாகவும் விடுமுறை நாளில் வேறாகவும் இருக்கும். ஆகவே மூன்றில் ஒரு நாளாவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.